இஸ்தோப்பை அடைக்கப் போகிறீர்களா?



வைகாசி பிறந்தால் தென்மேல் பருவக்காற்றும் அடைமழையும். தை பிறந்தால் எலும்பைத் துளைக்கும் குளிரும் பனியும். இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சிய நாட்களிலோ குரங்குக் கூட்டம்! ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் குடும்பம் நடத்தும் நம் சகோதரிகள் வீட்டின் முன்புறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு இம்மூன்றும் போதும். "இஸ்தோப்பை எப்படியாவது அடைத்துவிட வேண்டும். நல்ல பாஸ் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு முற்பணம் கொடுக்கலாம்?" என்று கேட்போர் பலர். அவர்களுக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு ஒருவாறு உண்டு. ஏனெனில் அந்த வேலையில் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். கையைச் சுட்டுக்கொண்டது கூடப் பெரிதன்று. அப்போது என் வாயிலிருந்து வந்த பேச்சொன்றுதான் இன்றுவரை எனக்கு வெட்கத்தைத் தருகிறது. யோசனை சொல்லுமுன் அக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டப்புறத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. லயத்துக் காம்பரா என்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை. அதன் முன்னே கூரை தாழ்ந்து இறங்கும் ஒடுங்கிய திண்ணைப் பகுதிக்குத்தான் இஸ்தோப்பு என்று பெயர். அளவிலே சிறியதாயினும் அது செய்த ஊழியம் பெரிது. அடுப்பு எரிந்ததும் அங்கே. விருந்தாளி அமர்ந்ததும் அங்கே. மழையில் நனைந்த கம்பளி காய்ந்ததும் அங்கே. பிள்ளைகள் பாடம் படித்ததும், பாட்டி படுத்துறங்கியதும் அங்கேயே. இத்தனைக்கும் இடம் கொடுத்த அந்த இஸ்தோப்பு நமக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. ஒரு தகரத்தைச் சாத்தி மறைப்பதானாலும் தோட்டத்துத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது.

காலம் மெல்ல மாறியது. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் வேலை 2016இல் தொடங்கிற்று. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகளுக்கு உதவுவதாக அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் நிலம். அதில் 550 சதுர அடி கொண்ட வீடு. தேவையை நோக்க இவை சொற்பமே. லயத்திலேயே இன்றும் வாழ்வோர் ஏராளம். காணி உறுதி முழுமையாகக் கைக்கு வராதோரும் உளர். ஆயினும் கிடைத்தவர் மட்டில், தம் வீட்டுச் சுவரில் ஆணியடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத காலம் பிறந்தது.

அத்தகைய வீடொன்று ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் என் தாயாருக்கும் கிடைத்தது. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. புதுவீட்டு விறாந்தையையும் அவர் இஸ்தோப்பு என்றே அழைத்தார். "அறைக்குள்ளே இருந்தால் மலை தெரியவில்லை, வெளியே இருந்தால் குளிர் விடுவதில்லை" என்பதே அவருடைய ஒரே குறை. போதாக்குறைக்குக் குரங்குகள் வந்து, காய வைத்த மிளகாயையும் தட்டில் வைத்த சோற்றையும் அள்ளிச் சென்றன. இஸ்தோப்புக்கு அரைச்சுவர் எழுப்பி, அதன் மேல் மரச்சட்டம் நிறுத்திக் கம்பி வலை அடிப்பதென்று முடிவு செய்தோம். செலவு என் பொறுப்பு. நான் பாடசாலையில் கற்பிப்பவள். மாதச் சம்பளம் உண்டு.

2022 பெப்ரவரியில் ஒரு பாஸைப் பிடித்தோம். நல்ல வேலைக்காரர் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வந்தார், பார்த்தார், அடிக்கோலால் அங்குமிங்கும் அளந்தார்.

"மொத்தம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் கொடுங்கள் டீச்சர். சாமான், கூலி எல்லாம் என் பொறுப்பு. எண்பதாயிரம் முன்னே தந்தால் வலையையும் மரத்தையும் ஒரேயடியாக வாங்கிப் போட்டுவிடலாம்" என்றார்.

கொந்தரப்பு பேசி முடிந்தது. எழுதிக்கொள்ளவில்லை. எண்பதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன். பத்தே நாளில் அரைச்சுவர் எழுந்தது. மரச்சட்டம் வந்திறங்கி, பாதி நிறுத்தவும்பட்டது. அதன் பின்னர் பாஸைக் காணோம்.

அந்நாட்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைத் தளரவிட்டது. 200 ரூபாயளவில் நின்ற ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. சீமெந்து விலையும் கம்பி விலையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எரிவாயு கிடையாமல், புதுவீட்டிலும் அம்மா விறகடுப்பை இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பாதி நிறுத்திய சட்டத்தினூடே மழைச் சாரல் அடித்து அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது.

நான் பாஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். நாளை வருவதாகச் சொன்னார். வரவில்லை. மறுபடியும் பேசினேன், பதிலில்லை. மூன்று கிழமைகள் சென்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுத்தார். என் பொறுமை அறுந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு இறுதியில், "இந்தச் சனங்களே இப்படித்தான்! காசைக் கண்டால் வேலை செய்யத் தோன்றாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் சொன்னார்:

"இந்த வார்த்தையைத் தராசடியில் நான் முப்பத்தைந்து வருஷம் கேட்டிருக்கிறேன் தாயி. அப்போதெல்லாம் சொன்னவன் வேறு ஆள். இன்றைக்கு என் இஸ்தோப்பில் நின்றுகொண்டு நீ சொல்கிறாய்."

எனக்கு நா எழவில்லை.

தராசடி என்றால் என்ன என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம் அது. சாக்குக்கென்று இத்தனை, ஈரத்துக்கென்று இத்தனை என்று கழித்துவிட்டுத்தான் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள். குறித்த நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப் பெயர்தான். கழித்தது நியாயமா, அநியாயமா என்று கேட்டால் கிடைக்கும் பதில்தான் அந்தச் சொல்.

"அவர் ஏமாற்றியது உண்மைதானே அம்மா?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"இருக்கலாம். முதலில் நிறுத்துப் பார். செய்த வேலை எவ்வளவு, வாங்கிய காசு எவ்வளவு? நிறுத்த பிறகு கேள், உரக்கவே கேள். நிறுக்காமல் ஏசாதே" என்றார்.

அன்றிரவு ஒரு கொப்பித் தாளில் கணக்கெழுதினேன். அரைச்சுவருக்குச் சென்ற கல், சீமெந்து, மணல், கூலி எல்லாமாக 38,000 ரூபாய். மரச்சட்டத்துக்கு 17,000. ஆக, எண்பதாயிரத்தில் 55,000 ரூபாய்க்கு வேலை நடந்திருக்கிறது. அவர் நமக்குத் தர வேண்டியது 25,000. முழுப் பணத்தையும் விழுங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய்க் கணக்கு.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னர் 25,000 ரூபாயைக் கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. எங்கள் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு இன்னொரு வீட்டின் கூரையை முடித்திருக்கிறார். அந்த வீட்டார் பணம் தந்ததும் எங்களுக்கு வலை வாங்கலாமென்பது அவர் எண்ணம். விலைவாசி ஏறியதும் அந்த வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். பெப்ரவரியில் பேசிய விலைக்கு வலை வாங்கவும் இயலவில்லை. சொல்ல வெட்கப்பட்டுத் தொலைபேசியை எடுக்காதிருந்திருக்கிறார்.

ஒரு வீட்டு முற்பணத்தில் மறு வீட்டு வேலையை நடத்தியது அவர் பிழை, அதில் ஐயமில்லை. விலை ஏறியதோ அவர் பிழையன்று. இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் தலையில் ஏற்றியது என் பிழை. பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வலையையும் எஞ்சிய சாமான்களையும் நாங்களே அன்றைய விலைக்கு வாங்குவது. அவர் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க் கூலியில் பத்து நாள் வேலை செய்து 25,000 ரூபாயைக் கழிப்பது. அதற்கு மேல் நாள் சென்றால் அன்றன்றே கூலி கொடுப்பது. இதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

வழியில் திரும்பும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் கடல் கடந்து வந்த காலத்தில் கங்காணிமார் அவர்களுக்கு முற்பணம் கொடுத்தே அழைத்துவந்தனர். வழிச்செலவும் அரிசியும் துணியும் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டிலுள்ள கடனை வேறொரு தோட்டம் தீர்த்தாலன்றித் தொழிலாளி இருந்த தோட்டத்தை விட்டுப் போக இயலாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அந்த முற்பணம் வாங்கியவரைக் கட்டிப் போட்டது. பாஸுக்கு நாம் அள்ளிக் கொடுக்கும் முற்பணமோ கொடுத்தவரையே கட்டிப் போடுகிறது. எப்படியாயினும் செய்த வேலைக்கும் கைமாறிய பணத்துக்கும் இடையே பெரிய பள்ளம் விழுந்துவிட்டால், இருவரில் ஒருவர் மற்றவருக்கு அடிமையாகிவிடுகிறார். அப்பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வதே கொந்தரப்புக் கொடுப்பதில் உள்ள முழுச் சூத்திரமும்.

இனி யோசனைகளுக்கு வருவோம்.

முதலாவது, அளவு. பாஸ் வருமுன் நீங்களே அளந்து வையுங்கள். எங்கள் இஸ்தோப்பு முன்புறம் பன்னிரண்டடி, இரு பக்கமும் ஐந்தடி வீதம். ஆக 22 அடி. வாசலுக்கு மூன்றடி விட்டால் 19 அடி. மூன்றடி உயர அரைச்சுவர் 57 சதுர அடி. அதன்மேல் நான்கடி உயர வலை 76 சதுர அடி. ஏழடி உயரக் கதவுக்கு 21 சதுர அடி. மொத்தம் 154 சதுர அடியையும் ஒரே விலையில் பேசினால் எது எவ்வளவு என்று நமக்கும் விளங்காது, அவருக்கும் விளங்காது. சுவருக்கு ஒரு விலை, வலைக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசுங்கள். வேலை நடுவில் நின்றாலும் கணக்குப் பார்க்கலாம். வலை பெரும்பாலும் மூன்றடி, நான்கடி அகலச் சுருளாகவே விற்பனையாகிறது. நான்கடிச் சுருளுக்கு ஏற்றபடி நான்கடிச் சட்டம் வைத்தால் வெட்டு விழாது. நாலரை அடி வைத்தால் ஒட்டுப் போடவேண்டி வரும், காசும் வீண்.

இரண்டாவது, பொருள். வீட்டுக்கு வலை அடிப்பது பூச்சிகளைத் தடுக்கவே. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ரொஸ் 1897இல் கண்டறியுமுன்பே மேல்நாட்டார் சன்னல்களுக்கு நுண்ணிய கம்பி வலை இடலாயினர். பனாமாக் கால்வாய் வெட்டியபோது அமெரிக்கர் தம் குடியிருப்புகளை வலையால் மூடினர். மேல்மலைக் குளிரில் நமக்குக் கொசுத் தொல்லை குறைவு. ஈ, பூச்சி, குளவி, குரங்கு இவைதான் பகை. பூச்சிக்கு ஓர் அங்குல நீளத்தில் 16 முதல் 18 கண்கள் உள்ள வலை போதும். இதைக் குரங்கு ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஆதலால் அது வரும் இடங்களில், வெளிப்புறத்தே ஓர் அங்குலக் கண்ணுள்ள தடித்த வெல்ட் மெஷ் அடிப்பது நன்று. நம் ஈரக் காற்றில் இரும்பு வலை விரைவில் துருவேறும். இயன்றவர் அலுமினியம் அல்லது துருவேறா உருக்கு வலை வாங்குக. மரம் நன்கு காய்ந்ததா என்று பாருங்கள். பச்சை மரம் காய்கையில் முறுக்கிக்கொண்டு வலையைத் தளர்த்திவிடும். வலையை வெறும் ஆணியால் அடிப்பதோடு நிறுத்தாமல், மேலே மெல்லிய மரப்பட்டி வைத்து இறுக்கச் சொல்லுங்கள். பட்டியைக் கழற்றி, கிழிந்த வலையை மட்டும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பணம். இயன்ற இடத்தில் சாமானை நீங்களே வாங்குங்கள். கடைச் சிட்டை உங்கள் கையில் இருக்கட்டும். பாஸுக்குக் கூலி மட்டும். அவரே சாமான் வாங்குவதானால் அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டிய அளவே பணம் கொடுங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய ஒன்பதரை இலட்சம் ரூபாயை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு கட்டம் முடிந்து, வந்து பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை. அம்மாவுக்கு அந்த வீடு கிடைத்த முறையைக் கண்ணால் கண்டிருந்தும், இஸ்தோப்புக்கு அதைப் பின்பற்ற எனக்குத் தோன்றவில்லை! சுவர், சட்டம், வலை, கதவு என்று நான்கு கட்டம் வையுங்கள். கடைசித் தவணையாக ஒரு சிறு தொகையை நிறுத்தி, ஒரு பெருமழை பெய்து ஒழுக்கு இல்லையென்று கண்டதும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கிறோம் என்ற நாளில் கொடுப்பதும் முக்கியம். தவணை தாமதித்தால் அவர் வேறு வீட்டு முற்பணத்தைத் தேடிப் போவார். பழைய கதை மறுபடியும் தொடங்கும்.

நான்காவது, காகிதம். முத்திரைத் தாளும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். ஒரு கொப்பித் தாள் போதும். என்ன வேலை, எந்த அளவு, எந்தச் சாமான், எத்தனை நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், சாமான் விலை ஏறினால் யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விலையேற்றம் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2022 நமக்குக் கற்றுத் தந்த பாடம் அது. பேச்சு முற்றி வழக்காகும்போலிருந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அச்சபையினர் இருதரப்பையும் அழைத்து இணக்கம் செய்து வைக்க முயல்வர். அங்கே போவதானாலும் கையில் காகிதம் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

ஐந்தாவது, உயிர் பற்றிய விஷயம். குளிருக்கு அஞ்சி இஸ்தோப்பை நாற்புறமும் தகரத்தாலோ, பொலித்தீனாலோ, கண்ணாடியாலோ காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, உள்ளே விறகடுப்பு மூட்டுவோர் இருக்கிறார்கள். சகோதரிகளே, இது தற்கொலைக்கு ஒப்பாகும். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்பு இருக்கும் இடத்தில் வலைதான் வேண்டும். கூரையடியில் புகை போக வழியும் வேண்டும். குளிர் தாங்காத நாட்களுக்கு, சுருட்டி இறக்கும் கித்தான் திரையொன்றை உட்புறம் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பெரியும்போது அதைச் சுருட்டிவிடுங்கள். லயங்களில் அடிக்கடி தீப்பற்றுவதை நாம் அறிவோம். முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயத்தில் வெளியேற முன்வாசல் ஒன்றே உண்டு. ஆதலால் வலைக்கதவு வெளிநோக்கித் திறக்கட்டும். இரவில் உட்பக்கம் கொண்டி மட்டும் போடுங்கள், பூட்டு வேண்டாம். அவசரத்தில் திறவுகோலைத் தேட நேரமிராது.

இன்னும் ஒன்று. இஸ்தோப்பை இரண்டடி அகலமாக்கும் ஆசையில், வீட்டை ஒட்டிய மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட துயரத்தையும் நாம் மறக்கலாகாது. மண்ணில் கை வைக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். இடம் பற்றாவிட்டால் இஸ்தோப்பு சிறிதாகவே இருக்கட்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் ஓடுவதற்குக் கானும் வெட்டுங்கள்.

லயத்திலேயே இருப்பவர்கள் என்ன செய்வது? நிலையான சுவர் எழுப்புவதானால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைப்பது அரிதானால், மரச்சட்டங்களைத் தனித்தனித் துண்டாகச் செய்து, திருகாணியால் பொருத்தும்படி பாஸிடம் சொல்லுங்கள். நாளை புதுவீடு கிடைத்துக் குடிபோகும்போது சட்டத்தையும் வலையையும் கழற்றி உடன் கொண்டுபோகலாம். உங்கள் காசு உங்களோடு வரும்.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லவில்லையே! பாஸ் சொன்னபடி வந்தார். பத்து நாளில் முடியவில்லை; பன்னிரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் அந்தத் தாளில் அம்மா ஒரு கோடு போடுவார். பாஸும் அருகிலே நின்று பார்ப்பார். ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. அன்றைக்கு அரைக் கோடு போடலாமா என்று நான் யோசித்தேன்.

"மழை பெய்தது அந்தத் தம்பியின் குற்றமா? அரைப் பெயர் போடுவதை நான் இந்த வீட்டுக்குக் கொண்டுவரவில்லை" என்று சொல்லி அம்மா முழுக் கோடே போட்டார். மறுநாள் பாஸ் அரைமணி முந்தி வந்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று மாலை, மேலதிகமான இரண்டு நாட் கூலி 5,000 ரூபாயை அம்மா தம் கையாலேயே கொடுத்தார்.

"எண்ணிப் பாருங்கள் தம்பி" என்றார்.

"இருக்கட்டும் அம்மா, நீங்கள் தந்தால் சரியாகத்தான் இருக்கும்" என்றார் பாஸ்.

"அப்படிச் சொல்லக்கூடாது. எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றார் அம்மா.

அவர் எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு இருவரும் வலைக்கு உட்புறமிருந்து தேநீர் குடித்தார்கள். வெளியே மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வேலியோரம் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நம்மை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிறர் அளந்தார்கள், நிறுத்தார்கள், எழுதினார்கள். இன்று அடிக்கோல் நம் கைக்கு வந்திருக்கிறது. ஏமாறாதிருக்க அளவும் காகிதமும் வேண்டும். ஏய்க்காதிருக்கவும் அவையே வேண்டும். இஸ்தோப்பை அடைக்கப் போகும் சகோதரிகள் பாஸைக் கூப்பிடுமுன் ஒரு கொப்பித் தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.